நுரை வராத ஊர்

ஜூன் 9, திங்கள்

அத்தானுடைய வங்கியில் இந்த வருட டைரி மிஞ்சிவிட்டதாம். ஜூன் மாதத்தில் கொண்டுவந்து கொடுத்து, "புது ஊரு, புது வீடு. எதையாவது எழுது வடிவு. எல்லாத்தையும் என்கிட்டயேதான் சொல்லணும்னு இல்லல்லா" என்றார். பதினாறு வருடக் கல்யாணத்தில் ஒரு மனிதர் இதைவிட மரியாதையாக வாயை மூடு என்று சொல்லிவிட முடியாது.

சரி, எழுதுகிறேன். பெயர் சொர்ணவடிவு. வயது முப்பத்தெட்டு. ஊர் அம்பாசமுத்திரம். தொழில் கூந்தல். 'காரிருள் கூந்தல் தைலம்' பாட்டிலின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாளே ஒருத்தி, முழங்காலைத் தொடுகிற பின்னலோடு, அது நான்தான். முகம் தெரியாது. அது அம்மாவின் யோசனை. "மூஞ்சியப் போட்டா எவ வாங்குவா? பின்னலப் போடு" என்றாள். பெற்றவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அம்மா ஊரில் காய்ச்சி அனுப்புகிறாள், நான் போனில் விற்கிறேன். ஒரு பாட்டிலுக்கு ஒரு மூலிகைச் சோப்பு இலவசம். வெள்ளிக்கிழமை தோறும் நேரலையில் வந்து, முதுகைக் காட்டி, பின்னலை அவிழ்த்து ஆட்டுவேன். ஏழு வருடமாக இதுதான் பிழைப்பு.

அத்தானுக்கு மாற்றல் வந்து தாம்பரம் தாண்டி ஓர் அடுக்ககத்தில் இறங்கியிருக்கிறோம். இன்று முதல் குளியல். எங்கள் சோப்பைக் கையில் வைத்து உருட்டுகிறேன், உருட்டுகிறேன், நுரை வருவேனா என்கிறது. தோலின் மேல் பாலாடை மாதிரி ஏதோ படிந்ததுதான் மிச்சம். வெளியே வந்து, "அத்தான், தண்ணி ஒரு மாதிரி இருக்கு" என்றேன்.

"போர் தண்ணி. நாலு நாள்ல பழகிரும்."

யார் யாருக்குப் பழக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ஜூன் 14, சனி

எதிர்வீட்டு அம்மாள் ஒரு தூக்கில் சாம்பாரோடு வந்தாள். பெயர் தமயந்தி. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேப் உதவியாளர். நாற்பத்தைந்து இருக்கும். தலையில் ஆம்பிளைப் பிள்ளை மாதிரி கிராப்பு. பட்டணத்து நாகரிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் தொழில் கண் வேறு, இந்தத் தலைக்கு ஒரு பாட்டில் ஒரு வருடம் வருமே, நமக்கு லாபமில்லையே என்று கணக்குப் போட்டது.

என் பின்னலைப் பார்த்து அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். "அம்மாடி! நிஜ முடியா? தொட்டுப் பாக்கலாமா?"

தாராளமாகத் திரும்பி நின்றேன். திரும்பி நிற்பதில் எனக்கு ஏழு வருட அனுபவம்.

"பத்திரமா வச்சுக்கோங்க. இந்த ஏரியா தண்ணி முடியத் தின்னும்" என்றாள்.

நான் ஒரு சிரிப்புச் சிரித்தேன். வாடிக்கையாளர்களுக்கென்று வைத்திருக்கும் சிரிப்பு அது. ஒழுங்காக எண்ணெய் வைக்காதவர்களைத்தான் தண்ணீர் தின்னும் என்பது என் எண்ணம். நான் யார் என்று சொல்லவில்லை. தைலத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுத்திருக்கிறேன், இங்குள்ள நாற்பத்தெட்டு வீட்டுக்கும் போடும்போது தானாகத் தெரிந்து வாயைப் பிளக்கட்டும் என்று இருந்துவிட்டேன். சாம்பார் நன்றாக இருந்தது.

ஜூன் 27, வெள்ளி

நோட்டீஸ் வந்துவிட்டது. கட்டோடு பரணில் ஏற்றிவிட்டேன்.

காரணம் குளியலறைச் சல்லடையில் இருக்கிறது. தலை குளித்து முடித்தால் தண்ணீர் இறங்க மாட்டேன் என்கிறது. எடுத்துப் பார்த்தால் ஒரு கைப்பிடி. மீதி இருக்கிற முடியோ தேங்காய் நார் மாதிரி நிற்கிறது. சீப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது, நான் இழுக்கிறேன், அது வருகிறது, முடியோடு.

தோல் இன்னொரு கூத்து. காலெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. நகத்தால் கீறினால் வெள்ளையாகக் கோடு விழுகிறது. டிவி பார்த்துக்கொண்டே முழங்காலுக்குக் கீழே 'வடிவு' என்று எழுதினேன். அத்தான் எட்டிப் பார்த்து, "எழுத்து நல்லாருக்கு" என்றார். டைரி கொடுத்த மனிதர் அல்லவா, எங்கே எழுதினாலும் சந்தோஷம் அவருக்கு.

ஜூலை 2, புதன்

எண்ணிப் பார்த்தேன். நூற்று நாற்பத்தொன்று. ஒரு நாளைக்கு நூறு வரை போவது சகஜம் என்கிறார்கள். மேற்கொண்டு போன நாற்பத்தொன்றும் யாருடையவை என்று தெரியவில்லை.

ஜூலை 11, வெள்ளி

நேரலை நாள். மூன்று வாரமாக 'நெட்வொர்க் கோளாறு' என்று தள்ளிவிட்டேன். இன்று தள்ள முடியவில்லை. போன வருடப் பொங்கலுக்கு எடுத்த வீடியோவைப் போட்டுவிட்டேன். "அக்கா உங்க முடி இன்னும் அடர்த்தியாயிடுச்சு" என்று ஈரோட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். பன்னிரண்டு பாட்டில் போயிற்று.

இது ஏமாற்று இல்லை. முடி என்னுடையதுதான், வீடியோவும் என்னுடையதுதான், வருடம் மட்டும்தான் வேறு. இப்படி எழுதிவிட்டுத் திரும்பப் படித்தால் அது கொஞ்சம் பல்லை இளிக்கத்தான் செய்கிறது. பின்னல் போய்விட்டால் என் கடை போயிற்று. காலேஜ் படிக்காத எனக்கு என்று இருப்பது அது ஒன்றுதான். சவுரி வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அந்த ஒரு நொடி அரை மணி நேரம் நீண்டது.

ஜூலை 19, சனி

இதுவரை செய்த வைத்தியங்கள்: குழாய் முனையில் மாட்டுகிற வடிகட்டி. பத்து நாளில் உள்ளே இருந்த வெள்ளைப் பஞ்சு காவி கட்டி சந்நியாசம் வாங்கிக்கொண்டது, முடி கொட்டுவது நிற்கவில்லை. பிறகு தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றிக் குளித்தேன். பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்புப் பொருக்கு, அதைச் சுரண்டிச் சுரண்டிக் கை நகம் போயிற்று. பிறகு குடிக்கிற கேன் தண்ணீரில் தலை அலசினேன். கேன் போடுகிறவர் ஒரே வாரத்தில் நான்காவது முறை மாடி ஏறி, "வீட்டுல விசேஷமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனையாவது நாள் காரியம் என்று அவர் கேட்கவில்லை, பிழைத்தேன்.

அம்மாவுக்குப் போன் பண்ணினால் அவள் சொல்வது ஒன்றே ஒன்று. "ஏட்டி, எண்ணெய நல்லா வச்சுத் தேயி. வாரத்துல மூணு தரம் குளி. சோப்ப ரெண்டு தடவ போடு." இதைத்தான் நானும் புகார் சொல்கிற அத்தனை பேருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆகவே கடமை தவறாமல் செய்தேன். எண்ணெய் தேய்த்தேன், சோப்புப் போட்டேன், எண்ணெய் போகவில்லை, மறுபடி சோப்பு, மறுபடி பிசுக்கு. கடைசியில் தலையில் மெழுகுவர்த்தி உருகிய மாதிரி ஒரு படலம். அத்தான் மோந்து பார்த்து, "வேம்பு வாசம் நல்லா நிக்கி" என்றார்.

ஜூலை 26, சனி

இன்று நல்ல நாள். (பிறகு கெட்ட நாளாகப் போகிறது என்று இதை எழுதும்போது தெரியாது என்று நடிக்கத்தான் ஆசை. ஆனால் இந்த வரியை அடுத்த நாள்தான் எழுதுகிறேன்.)

தமயந்தி அக்கா - இப்போதெல்லாம் அக்காதான், சாயங்காலக் காபி அவள் வீட்டில், இட்லி மாவு என் வீட்டில் - லேபிலிருந்து இரண்டு சின்னப் புட்டிகள் கொண்டுவந்தாள். தேதி முடிந்ததைக் கொட்டப் போனார்களாம், வாங்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். ஒரு தம்ளரில் கேன் தண்ணீர், இன்னொன்றில் குழாய்த் தண்ணீர். ஒரு மருந்தைப் போட்டதும் இரண்டும் திராட்சை ரசம் மாதிரி சிவந்தன. அடுத்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், நீலமாக மாறினால் நிறுத்த வேண்டும். எத்தனை சொட்டோ அத்தனை கடினம்.

கேன் தண்ணீர் மூன்றாவது சொட்டில் நீலம். குழாய்த் தண்ணீருக்கு நான் எண்ணிக்கொண்டே வந்தேன். பதினைந்து, இருபது, இருபத்தைந்து. இருபத்தெட்டாவது சொட்டில்தான் மனசு வந்து மாறியது.

"அவ்வளவும் சுண்ணாம்புச் சத்து, மெக்னீசியம்" என்றாள். "சோப்புப் போட்டா நுரைக்கு முன்னாடி அதுங்க வந்து சோப்பப் புடிச்சுக்கும். அந்தப் பிசுக்குதான் முடியில, தோல்ல ஒட்டிக்குது. உன் முடியக் காட்டு. பாரு, வேர்ல வெள்ளக் குமிழே இல்ல. கொட்டல வடிவு, நடுவுல ஒடையுது. முரடாயி, சிக்கு விழுந்து, நீ இழுக்கற இழுப்புல ஒடையுது."

"இதெல்லாம் எப்படிக்கா தெரிஞ்சுது?"

"பட்டுத் தெரிஞ்சதுதான். எனக்கும் இடுப்பு வரைக்கும் இருந்துச்சு." கிராப்பைத் தடவிக்கொண்டாள். "நெட்ல ஒரு எண்ணெய்க்காரிகிட்ட வாங்கினேன். முடி ஒட்டுதே, கொட்டுதேன்னு கேட்டா, வாரத்துல மூணு தடவ தேச்சுக் குளின்னா. அவ குடுத்த சோப்பையே போட்டுப் போட்டு, சீப்பே எறங்கல. மறுபடியும் கேட்டதுக்கு என் உடம்புலதான் கோளாறுன்னு எழுதிட்டு பிளாக் பண்ணிட்டா. நானும் தைராய்டு, ரத்தம், அது இதுன்னு எல்லா டெஸ்ட்டும் எடுத்தேன். ஒண்ணுமே இல்ல. அப்புறந்தான் தண்ணிய டெஸ்ட் பண்ணேன். அதுக்குள்ள ஒரு ஞாயித்துக்கிழம நானே கத்திரிக்கோல எடுத்து வெட்டிட்டேன்."

எனக்கு ரத்தம் கொதித்தது. "எவக்கா அவ? நாசமாப் போவா! இப்படியுமா ஒருத்தி இருப்பா?" என்று நான், இதே வாயால், கேட்டேன். ஒரு முழு நிமிடம் திட்டினேன். அக்காவே என்னைச் சமாதானப்படுத்தும்படி ஆயிற்று.

கிளம்பும்போது, லேப் குறிப்பைப் போட்டோ அனுப்புகிறேன், நம்பரைக் குறித்துக்கொள் என்று தன் நம்பரைச் சொன்னாள். போனில் அடித்தேன். பத்தாவது எண் விழுந்ததும், ஏற்கெனவே சேமித்த பெயர் என்று மேலே வந்தது.

தொல்லை 3.

ஜூலை 28, திங்கள்

அரைக்கீரை வாங்கினேன். ஆய்ந்தேன். வேறு ஒன்றும் விசேஷமில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், புளியோதரை, தயிர் சாதம். நான்கு வகை செய்தால் யோசிக்க நேரமிருக்காது என்று பார்த்தேன். இருந்தது.

விளக்கிவிடுகிறேன், அத்தானிடம் சொல்ல முடியாததற்குத்தானே இந்த டைரி. என் போனில் தொல்லை 1 முதல் தொல்லை 14 வரை இருக்கிறார்கள். புகார் சொல்கிறவர்கள். அக்கா மூன்றாவது தொல்லை. இரண்டு வருடத்துக்கு முந்தைய செய்திகளை எடுத்துப் படித்தேன். அவள் பதினோரு செய்தி அனுப்பியிருக்கிறாள். எல்லாம் மரியாதையாக. "மேடம், நான் ஏதாவது தப்பா தேய்க்கிறேனா?" என்றுகூட ஒன்று.

என் பதிலை இங்கே எழுதுகிறேன். எழுதத்தான் வேண்டும்.

"எங்கள் தைலத்தில் குறை இருக்க வாய்ப்பில்லை. கோளாறு உங்கள் உடம்பில். வாரம் மும்முறை தேய்த்துக் குளிக்கவும். எரிச்சல் குணமும் பொறாமையும் உள்ளவர்களுக்கு முடி கொட்டுவது இயற்கை."

கடைசி வரியை எழுதிவிட்டு அன்றைக்கு நான் சிரித்திருப்பேன். எனக்குத் தெரியும் என்னை.

ஆகஸ்ட் 9, சனி

அக்கா காபிக்குக் கூப்பிட்டாள். தலைவலி என்றேன். தைலம் கொண்டுவரட்டுமா என்றாள், நல்லவேளை நெற்றிக்குப் போடுகிற தைலம்.

ஆகஸ்ட் 16, சனி

இன்றைக்குத் தப்ப முடியவில்லை. போனேன். அவள் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். உள்ளே பார்த்து, "எரிச்சல் ராணி, உன் தோழி வந்திருக்காங்க, காபியக் குடு" என்றார்.

நான் பேந்தப் பேந்த விழித்தேன். அக்கா சமையலறையில் மெதுவாகச் சொன்னாள். அந்த எண்ணெய்க்காரி அனுப்பியதை இவர் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தாராம். அன்றிலிருந்து அதுதான் பெயராம். மகள்கூடச் சில நேரம் அப்படிக் கூப்பிடுகிறாளாம். "முடி போனதுகூடப் பரவால்ல வடிவு. இனிமே நான் எதுக்குக் கோவப்பட்டாலும் இவங்களுக்குச் சிரிப்பாப் போச்சு" என்றாள்.

காபியில் சர்க்கரை போட்டிருந்தாளா என்று நினைவில்லை. வீட்டுக்கு வந்து அழுதேன். வெங்காயம் நறுக்கினேன், அதனால் என்று அத்தானிடம் சொன்னேன். பலகையில் வெண்டைக்காய் இருந்தது.

ஆகஸ்ட் 23, சனி

அம்மாவுக்குப் போன். "எம்மா, நிசத்தச் சொல்லு. எண்ணெயாலதான் எனக்கு இம்புட்டு முடியா?"

"என்னட்டி கேள்வி இது? நாம எண்ணெய் காய்ச்ச ஆரம்பிச்சதே உன் முடியப் பாத்துத்தான? அது உங்க அய்யா கூடப்பொறந்தவ முடி. அவளுக்கும் இப்படித்தான் தரையக் கூட்டும். அவ தலையில வெறும் நல்லெண்ணெயத் தவிர வேற பட்டதில்ல."

"அப்ப எண்ணெய் ஒண்ணும் பண்ணாதா?"

"கெடுதல் பண்ணாதுல்லா" என்றாள் அம்மா.

எதிரே அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். ஏழு வருடமாக நாள் தவறாமல் காரிருள் தேய்க்கிற தலை. உச்சியில் மின்விசிறியின் நிழல் தெரிகிறது. இத்தனை நாள் இதைப் பார்த்துக்கொண்டேதான் விற்றிருக்கிறேன். "அத்தான், நீங்க ஏன் ஒரு வார்த்த சொல்லல?" என்றேன். "நீ சந்தோஷமா இருந்தியே" என்றார்.

ஆகஸ்ட் 27, புதன்

பிள்ளையார் சதுர்த்தி. சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து, கையில் பத்துக் கொழுக்கட்டையோடு எதிர்வீட்டுக்குப் போனேன். அக்கா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டு, "மேல்மாவு எப்படி இவ்வளவு மெல்லிசா வந்துச்சு?" என்றாள். மாவு கிளறும் பக்குவத்தைப் பற்றி இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தேன். என்னைப் போன்ற கோழைக்கு விக்கினம் தீர்க்கப் பிள்ளையாராலும் ஆகாது.

செப்டம்பர் 6, சனி

சோதனை செய்தேன், அக்கா கற்றுக்கொடுத்த மாதிரி. இரண்டு பாட்டில், ஒன்றில் கேன் தண்ணீர், ஒன்றில் குழாய்த் தண்ணீர். இரண்டிலும் எங்கள் மூலிகைச் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கினேன். முதல் பாட்டிலில் கழுத்து வரை நுரை. இரண்டாவதில் நுரை இல்லை, திரிந்த பால். அதில் நாலு சொட்டுக் காரிருளையும் விட்டுக் குலுக்கி, உதிர்ந்த என் முடியில் ஒரு கற்றையை முக்கி எடுத்தேன். ஒட்டடைக்கோல் மாதிரி வந்தது.

ஆக, எங்கள் ஊர் ஆற்றுத் தண்ணீரில் பாதகமில்லாத ஒன்றை, தண்ணீர் எப்படி என்றுகூடக் கேட்காமல், ஊர் ஊராக அனுப்பியிருக்கிறேன். சோப்பு இலவசம் என்று பெருமை வேறு. ஒட்டுகிறது என்றவர்களிடம் இன்னும் போடு என்றிருக்கிறேன். பதினான்கு தொல்லைகளின் முகவரியையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது பேர் போர் தண்ணீர்ப் பகுதி.

செப்டம்பர் 11, வியாழன்

சொல்லிவிட்டேன்.

பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன், இல்லாவிட்டால் மறுபடி கொழுக்கட்டைதான் பேசுவேன். அக்கா தனியாக இருந்தாள். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அந்த எண்ணெய்க்காரி..."

"அவள ஏன் இப்ப இழுக்கற? விடு."

"அது நான்தான்க்கா."

அவள் சிரித்தாள். பாட்டிலை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "திரும்பு" என்றாள். திரும்பினேன். பாட்டிலை என் முதுகுக்குப் பக்கத்தில் பிடித்து ஒத்துப் பார்க்கிறாள் என்று தெரிந்தது. ஏழு வருடமாக எத்தனையோ ஆயிரம் பேருக்கு முதுகைக் காட்டியிருக்கிறேன், கூசியதில்லை. இன்று கூசியது.

"அந்தக் கடைசி வரி" என்றாள் பின்னாலிருந்து. "எரிச்சல் குணம், பொறாமைன்னு. அது எல்லாருக்கும் அனுப்பற மெசேஜா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "இல்லக்கா. உங்களுக்குன்னு யோசிச்சு எழுதுனது."

"ஏன்?"

"பதினோரு தடவ கேட்டீங்க. பதில் தெரியல. எனக்கு எரிச்சலா வந்துச்சு."

திரும்பினால் அவள் மடித்த துணியையே மறுபடி பிரித்து மடித்துக்கொண்டிருந்தாள். "நீ போ வடிவு" என்றாள். நான் வெளியே வந்ததும் கதவைச் சாத்தினாள், மெதுவாக. ஓங்கிச் சாத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 12, வெள்ளி

நேரலை. ஏழு வருடத்தில் முதல் முறையாகக் கேமராவைப் பார்த்து உட்கார்ந்தேன். "யாரு நீங்க? அந்தக்கா எங்க?" என்று இருபது பேர் கேட்டார்கள். அம்மாவின் வியாபார மூளையைச் சும்மா சொல்லக்கூடாது.

இரண்டு பாட்டிலையும் குலுக்கிக் காட்டினேன். இந்தத் தைலம் முடி வளர்க்காது, எனக்கு இருப்பது என் அத்தையின் முடி என்றேன். உப்புத் தண்ணீர், போர் தண்ணீர் வீடுகளுக்கு இந்தச் சோப்பு ஆகவே ஆகாது, வைத்திருந்தால் துணி துவைக்கவும் போடாதீர்கள் என்றேன். ஜூலையில் காட்டிய வீடியோ பழையது என்றேன். பின்னலை முன்னால் எடுத்துப் போட்டேன். இடுப்போடு நிற்கிறது, நுனி துடைப்பம். குறை சொன்னவர்களிடம் நான் பேசிய பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டேன். முடிக்கும்போது பார்த்துக்கொண்டிருந்தது முப்பத்தொரு பேர். தொடங்கும்போது அறுநூறு.

அதன்பின் தொல்லை 1 முதல் 14 வரை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினேன், பெயர் மாற்றிச் சேமித்துவிட்டு. அக்காவுக்கு எழுதியது ஒற்றை டிக்கோடு நிற்கிறது. என்னைத் தடுத்து வைத்திருக்கிறாள். நியாயம்தானே.

செப்டம்பர் 15, திங்கள்

அம்மா போனில், "வியாபாரத்துல அரிச்சந்திரன் மவளாட்டி நீ?" என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம். இடையில் நான் சாதம் வடித்தேன், அவளுக்குத் தெரியாது. முடிவில், "நானும் அந்தத் தண்ணி சமாச்சாரத்த யோசிக்கலட்டி" என்று குரல் இறங்கிப் போய்ச் சொன்னாள். சோப்பு இனிமேல் கிடையாது என்று முடிவு செய்தோம். வெறும் தலைக்கு வைக்கும் எண்ணெய் என்று லேபிள் மாற்ற வேண்டும். முதுகுப் படமும் வேண்டாம்.

அக்டோபர் 1, புதன்

சரஸ்வதி பூஜை. அடுக்ககமே ஒருவருக்கொருவர் சுண்டல் கொடுத்துக்கொண்டது. எதிர்வீட்டுச் சுண்டல் எல்லா வீட்டுக்கும் போயிற்று. எங்கள் வீட்டுக்கும் வந்தது, மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தாள். அக்கா எங்கே என்றேன். "அம்மா கோவமா இருக்காங்க ஆன்ட்டி" என்றது அந்தப் பெண், சிரிக்காமல். அந்த வீட்டில் அவள் கோபத்தைக் கோபமென்று மதிக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். அது என்மேல்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

அந்த நேரலைக்குப் பிறகு வந்த ஆர்டர் பத்துதான். மத்தியானங்களில் வீடு நிசப்தமாக இருக்கிறது. காபி போட்டால் இரண்டு தம்ளர் எடுத்துவிடுகிறேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. விடிந்ததிலிருந்து மழை. எல்லார் பட்டாசும் நமத்துப் போயிற்று, எனக்கு மட்டும் கொண்டாட்டம். மழைத் தண்ணீரில் சுண்ணாம்பு கிடையாதல்லவா. தலை நிறைய நல்லெண்ணெய் வைத்துக்கொண்டு, ஒரு வாளியோடு மொட்டை மாடிக்கு ஓடினேன். தண்ணீர்த்தொட்டியின் மேல்தளத்தில் பெய்கிற மழை வழிந்து விழுகிற குழாய்க்கடியில் வாளியை வைத்துவிட்டு, காதில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றேன்.

மாடியின் நடுவில், திறந்த வானத்தின் கீழே ஏற்கெனவே இரண்டு வாளிகள் இருந்தன. பக்கத்தில் குடையோடு தமயந்தி அக்கா.

முப்பத்தொன்பது நாள். லிஃப்டில் பார்த்தால்கூட எண் பலகையைப் பார்ப்பாள். நான் திரும்பி இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். ஆனால் தீபாவளியும் அதுவுமாக, தலையில் எண்ணெயோடு ஒருத்தி எதிரில் நின்றால் கேட்காமல் எப்படி இருப்பது? எதிரியானாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"கங்கா ஸ்நானம் ஆச்சா?" என்றாள், சுவரைப் பார்த்து.

"இன்னும் இல்லக்கா. வாளி நிறையட்டும்னு..."

என் வாளியை எட்டிப் பார்த்தாள். "அது தொட்டி மேல இருந்து வர்ற தண்ணி. புறா எச்சமும் பாசியும். அதுல குளிச்சா தீபாவளி விளங்கிடும்." குடையை மடக்கிச் சாத்தினாள். தன் வாளி ஒன்றை என் பக்கம் நகர்த்தினாள். "உக்காரு."

"நானே..."

"உக்காருன்னேன்."

ஈரத் தரையில் உட்கார்ந்தேன். முடியை அவிழ்த்து முன்னால் போட்டுக்கொண்டு குனிந்தேன். அக்கா ஒரு சொம்பு ஊற்றினாள். ஜில்லென்றது. சீயக்காயை எங்கிருந்து எடுத்தாளோ, தன் தலைக்குக் கொண்டுவந்ததாக இருக்கும், இருந்த கொஞ்சூண்டு கிராப்புக்கு. அதை என் தலையில் கொட்டித் தேய்க்க ஆரம்பித்தாள். தேய்ப்பதா அது! பத்து விரலும் மண்டைக்குள் இறங்கின. காது, கழுத்து, பிடரி ஒன்றையும் விடவில்லை. இரண்டு வருடத்தையும் சேர்த்துத் தேய்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."

"வலிக்குது."

"ம்" என்றாள். இன்னும் அழுத்தித் தேய்த்தாள். நுரை வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு என் தலையில் அப்படி நுரை, கண்ணிலெல்லாம் வழிந்தது. சீயக்காய் கண்ணில் பட்டு எரிந்தது, அது ஒரு சௌகரியம், அழுவது தனியாகத் தெரியாது. எனக்கு விக்கி விக்கி வந்தது. அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு கொஞ்சம் மெதுவாக, சிக்கு விழுந்த இடத்தை இழுக்காமல் விரலால் பிரித்துப் பிரித்து அலசினாள்.

ஒரு வாளி முடிந்தது. மழை விடவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டேன்.

"இன்னும் கோவம் இருக்காக்கா?"

"இருக்கு" என்றாள். அடுத்த வாளியை இழுத்து வைத்துச் சொம்பை முக்கினாள். "குனி."

குனிந்தேன்.